அம்மன் தேருக்கு நான் போடாத கையெழுத்து

தர்மலிங்கம் அண்ணை என்ர அலுவலகத்துக்குள் வந்தபோது கையில் ஒரு வடைப் பெட்டி இருந்தது. வேறொன்றும் இருக்கவில்லை.

நல்ல கோடை. யன்னலைத் திறந்தால் பஸ் சத்தம், பூட்டினால் வேர்வை. உளுந்து வடை மணம் கட்டடத்தின் இரண்டாம் மாடி முழுக்க உலாப் போனது. பக்கத்து அறையில் வீடு மாறுகிற ஆட்களைப் பதிகிற பெண்பிள்ளை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள், சிரித்தாள், திரும்பப் பூட்டினாள். இந்த நாட்டில் மூக்கைச் சுளிப்பதைக்கூடச் சிரித்துக்கொண்டுதான் செய்வார்கள்.

"பிள்ளை, வாற கிழமைக்கு அடுத்த ஞாயிறு தேர்," என்றார் அண்ணை, கதிரையை இழுத்துப் போட்டபடி.

"தெரியும் அண்ணை."

"வழமைபோலப் பெரிய றோட்டாலதான் வாறம். பொலிசைக் கொஞ்சம் வெள்ளன அனுப்பும். போன வருசம் வெய்யில் ஏறினாப் பிறகுதான் றோட்டை மறிச்சவங்கள். சனத்தின்ர கால் எல்லாம் வெந்து போச்சு."

"விண்ணப்பம் எங்க அண்ணை?"

"என்ன விண்ணப்பம்?"

"றோட்டை மறிக்கிறதுக்கு. ஆறு கிழமைக்கு முன்னம் குடுக்கவேணும். வருசா வருசம் நீங்கள்தானே குடுக்கிறனீங்கள்."

அண்ணை என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான பரிதாபம் இருந்தது. வடைப் பெட்டியை மேசையில் என் பக்கமாகத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "உமக்கென்ன விசரே பிள்ளை? அதுக்குத்தானே நீர் இருக்கிறீர்!"

பெயர் சொல்லாத ஊர்

இந்தத் தொடரை இடையில் பிடித்தவர்கள் குழம்பக்கூடாது என்பதற்காக ஒரு சுருக்கம். நான் மனோகரி. யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். அகதியாக வந்து, டீட்டிகோன் ஊர்ப் பக்கம் பொதி பிரிக்கிற ஒரு நிலையத்தில் ஓடுகிற பட்டியில் பெட்டி தூக்கி, பிறகு அதே இடத்தில் ஷிப்ட் பொறுப்பாளியாக வந்தவள். போன தேர்தலில் சனம் வாக்குப் போட்டு என்னை எங்கட கெமைண்டக்கு, அதாவது ஊர்ச்சபைக்கு, அனுப்பியது. பாதுகாப்புத் துறை என் பொறுப்பு. உள்ளூர்ப் பொலிஸ், தீயணைப்பு, றோட்டு மறிப்பு, வாணவேடிக்கை, கடிக்கிற நாய்கள் எல்லாம் அதற்குள் அடக்கம்.

ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். திங்கட்கிழமை எனக்குக் கூட்டம் இருக்கிறது.

போன கிழமை எழுதியதை வாசித்துவிட்டு ஒரு ஐயா கேட்டிருந்தார், நான் தொப்பி போடுவேனா, துவக்கு வைத்திருப்பேனா என்று. இல்லை ஐயா. என்னிடம் ஒரு கதவுத் திறப்பு, ஒரு முத்திரை, ஆடுகிற ஒரு கதிரை இருக்கின்றன. இங்கே பொலிஸ்காரர் யூனிபோர்ம் போடுவார்கள். அவர்களுக்கு மேலே இருக்கிற ஆளைச் சனம் தெரிவு செய்யும். அந்த ஆள் பல் வைத்தியராக இருக்கலாம், மாட்டுப் பண்ணை வைத்திருக்கலாம், பியானோ படிப்பிக்கலாம். எங்கட ஊரில் இதுவரை இருந்தவர்கள் எல்லோரும் ஆம்பிளைகள். எனக்கு முதல் இருந்தவர் கூரை வேய்கிறவர். அவருக்குச் சட்டம் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. என்னிடம் மட்டும் மூன்று பத்திரிகைக்காரர் கேட்டார்கள்.

எங்கட ஆட்கள் எனக்குத் தந்த ஆதரவையும் சொல்லவேண்டும். தேர்தல் காலத்தில் ரெலிபோன் ஓயவில்லை. அப்படி எடு, இப்படிச் சொல்லு, படத்தில் பொட்டுப் பெரிசாக இருக்கு, சின்னதாக இருக்கு என்று ஒரே ஆலோசனை. அவர்களில் அரைவாசிப் பேருக்கு இங்கே வாக்கு இல்லை. மிச்ச அரைவாசி வாக்குச்சீட்டு வந்த கடித உறையைத் திறக்க மறந்துபோனார்கள். நான் வென்றதும் எல்லோரும் "நாங்கள்தான் வெல்ல வைச்சனாங்கள்" என்றார்கள். சரி, இருக்கட்டும்.

ஏழாவது கதிரை

துறை எப்படி எனக்கு வந்தது என்பது தனிக்கதை.

தேர்தல் முடிந்து முதல் கூட்டம். சபையில் ஏழு பேர். துறைகளைப் பங்கிடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கூடக் காலம் இருந்தவர் தனக்கு வேண்டியதை முதலில் கேட்பார், பிறகு அடுத்தவர், புதிய ஆட்கள் கடைசி. புதியவர்கள் இரண்டு பேர் என்றால், கூட வாக்கு எடுத்தவருக்கு முதலிடம். சபைத் தலைவர் இதைத் தடித்த தாளில் அச்சடித்து ஒவ்வொருவர் முன்னாலும் வைத்திருந்தார். அது போதாதென்று வாசித்தும் காட்டினார். விதி என்றால் விதி என்று இரண்டு தரம் சொன்னார்.

அந்த வருசம் புதியவர்கள் இரண்டு பேர். நான் ஒன்று, றேத்தோ மற்றது. றேத்தோ ராணுவத்தில் மேஜராக இருந்தவர். நல்ல உயரம், நல்ல பல், நல்ல வேட்டை நாய். பழைய ஐந்து பேரும் எடுத்ததுபோக இரண்டு துறை மிஞ்சியது. பாதுகாப்பு ஒன்று, சமூகம் ஒன்று.

பெயர்ப்பலகைகள் ஏற்கனவே மேசையில் இருந்தன. என்ர பெயருக்குக் கீழே "சமூகம்" என்று போட்டிருந்தது. வடிவான எழுத்து. என்னைக் கேட்காமலே அச்சடித்திருந்தார்கள். எனக்கு முதல் இந்தச் சபையில் இருந்த மூன்று பெண்களும் சமூகத் துறைதான். கிழவர் கிழவிகளைப் பார்க்கிறது, அகதிகளைப் பார்க்கிறது, பிள்ளை பராமரிப்பைப் பார்க்கிறது. அந்த வேலைகள் வரும்போது இந்த ஊர் ஆம்பிளைகளுக்கு எப்படியோ முதுகு பிடித்துக்கொள்ளும்.

றேத்தோவைவிட எனக்கு இருபத்திமூன்று வாக்குக் கூட. அதைத் தலைவரே வாசித்தார். பிறகு பேனா மூடியைப் பூட்டிக்கொண்டே கேட்டார், "அப்ப உன்ர விருப்பம்?" சபைக்குள் எல்லோரும் எல்லோருக்கும் "நீ"தான். சமத்துவம்.

"பாதுகாப்பு," என்றேன்.

பேனா மூடி கீழே விழுந்தது. ஒருவரும் குனிந்து எடுக்கவில்லை.

பிறகு தொடங்கியது அக்கறை. தீயணைப்பு அழைப்பு நடுச்சாமத்திலும் வரும் என்றார் ஒருவர். நான் பன்னிரண்டு வருசம் இரவு ஷிப்ட் செய்தவள் என்றேன். பொலிஸ்காரர் கொஞ்சம் முரடாகக் கதைப்பார்கள் என்றார் இன்னொருவர். எனக்குக் கீழே நாற்பது ஆம்பிளைகள் எட்டுப் பாசையில் தூசணம் கதைப்பதைக் கேட்டிருக்கிறேன் என்றேன். கடைசியில் தலைவர் தேன் தடவிச் சொன்னார்: "உன்னட்ட நல்ல மனசு இருக்கு. சமூகத் துறைக்கு அதுதான் தேவை."

"ஏன், பொலிசுக்கு மனசு தேவையில்லையோ?"

கோப்பி இடைவேளை விட்டார்கள். நான் தனிய ஒரு கிப்ஃபெலியை, அந்தப் பிறை வடிவப் பாணை, பிய்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து பேரும் யன்னலோரம் நின்று அந்தத் தடித்த தாளைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். எங்காவது ஒரு ஓட்டை இருக்குமா என்று பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார்கள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பாவங்கள், தாங்கள் எழுதின விதியில் தாங்களே மாட்டுப்பட்டார்கள். இந்த நாட்டு ஆட்களிடம் எனக்குப் பிடித்த குணம், அப்படி மாட்டுப்பட்டால் மீறமாட்டார்கள் என்பது. முகம் கறுத்தது, ஆனால் எழுதிக்கொண்டார்கள்.

இந்த நாட்டுப் பெண்களுக்கு வாக்கு கிடைத்ததே நான் பிறந்த காலத்தை ஒட்டித்தான். வெள்ளைக்காரன் முன்னேறினவன் என்று எங்கட ஆட்கள் கதைக்கும்போது இதைச் சொல்லிப் பார்ப்பேன். ஒருவரும் நம்பமாட்டார்கள். நான் சபைக்குப் போனபிறகு பொய்யும் சொல்லப் பழகிவிட்டேன் என்று நினைப்பார்கள்.

றேத்தோவுக்குச் சமூகத் துறை போனது. இப்போது முதியோர் கோப்பி விருந்துகளுக்குப் போய்க் கேக் வெட்டுகிறார். நன்றாகத்தான் வெட்டுகிறாராம். அதோடு, எனக்கு ஏலாமல் போனால் எனக்குப் பதில் ஆளும் அவர்தான் என்று அந்தத் தடித்த தாளின் அடியில் எழுதிக்கொண்டார்கள். அது எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை.

ஸ்டேசன் வாங்கில்

ஏன் பொலிஸ் என்று கேட்பார்கள். பேட்டியில் நல்ல பதில் ஒன்று வைத்திருக்கிறேன். இங்கே உண்மையைச் சொல்கிறேன்.

நாங்கள் கலியாணம் செய்த புதிதில் என்ர மனிசன் நேசன் ஒரு ரெஸ்ரோரன்ட் குசினியில் கோப்பை கழுவினார். ஒரு பின்னேரம் இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்குப் போக ஸ்டேசனுக்கு வந்தோம். நான் ரிக்கெட் மெஷினுக்கு முன்னால் நின்று சில்லறை போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கிறேன், இரண்டு பொலிஸ்காரர் நேசனை மறித்து வைத்திருக்கிறார்கள். அவரின் பையில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து, ஆட்கள் குந்துகிற மர வாங்கில் அடுக்கினார்கள். வேலை உடுப்பு, சப்பாத்து, குசினியில் கொடுத்துவிட்ட பாண் துண்டுகள். பாணையும் ஒருவர் பிய்த்துப் பார்த்தார்.

மரியாதையாகத்தான் செய்தார்கள். "தயவுசெய்து", "நன்றி" எல்லாம் சொன்னார்கள். முடிந்ததும் "நல்ல பின்னேரமாக அமையட்டும்" என்றும் சொன்னார்கள். ஏன் மறித்தீர்கள் என்று நேசன் தனக்குத் தெரிந்த அரைகுறை டொச்சில், அதாவது ஜேர்மன் பாசையில், கேட்டார். "வழமையான சோதனை," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். எங்கட ரெயினும் போய்விட்டது. மேடையில் நின்ற இருபது முப்பது பேரில் வழமை எங்களுக்கு மட்டும்தான் வந்தது.

நேசன் பாணை எடுத்துப் பையில் வைக்கவில்லை. அந்த வாங்கிலேயே விட்டுவிட்டு வந்தார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்றுவரை முழுசாகப் போகவில்லை.

இவர்களுக்கு ஆர் சொல்லுவார்கள், ஆர் சொன்னால் கேட்பார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. பல வருசம் கழித்துத்தான் தெரிந்தது, ஒரு கூரை வேய்கிறவர் சொன்னால் கேட்பார்கள் என்று. சனம் அவரைத் தெரிவு செய்திருக்கிறது, அவ்வளவுதான் தகுதி. அப்போது நானே கேட்கலாமே என்று நினைத்தேன்.

பதவிக்கு வந்து நான் செய்த முதல் வேலை, நாலைந்து வரியில், ஒரே பந்தியில், ஒரு கட்டளை எழுதினது. எங்கட ஊர்ப் பொலிஸ் ஆரை மறித்தாலும் ஏன் மறித்தது என்று அந்த ஆளுக்கே சொல்லவேண்டும், எழுதியும் வைக்கவேண்டும். சபையில் நான்கு பேருக்கு அது பிடிக்கவில்லை. "தன்ர ஆட்களுக்கு வசதி பண்ணுறா," என்று ஒருவர் சொன்னது எனக்கும் கேட்கவேண்டும் என்றே சொன்னார். வருச முடிவில் அதை வைத்திருப்பதா எடுப்பதா என்று பார்க்கலாம் என்று முடிவானது. அந்த வருச முடிவுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கும்போதுதான் தர்மலிங்கம் அண்ணை வடைப் பெட்டியோடு வந்தார்.

நீர் இருக்கிறீர்தானே

அண்ணை எங்கட அம்மன் கோயிலின் தலைவர். கோயில் என்றால் கோபுரம் எல்லாம் தேடாதீர்கள். தொழிற்பேட்டையில் பழைய களஞ்சியம், ஒரு பக்கம் ரயர் கடை, மறுபக்கம் மரம் அறுக்கிற இடம். தேர் அன்றைக்கு அம்மன் அந்த முற்றத்தில் இருந்து வெளிக்கிட்டு, பஸ் போகிற பெரிய றோட்டால் சுற்றி வருவா.

கூரை வேய்கிறவர் இருந்த காலத்தில் அண்ணை விண்ணப்பத்தைத் தை மாதமே கொடுத்துவிடுவார். மூன்று பிரதி. வரைபடம், காப்புறுதிக் கடிதம், முதலுதவி ஆட்களின் பெயர் எல்லாம் கலர் கலரான பிளாஸ்ரிக் உறையில். பொலிஸ் பொறுப்பாளி மார்க்கூஸ் என்னிடமே சொன்னார், ஊரில் இவ்வளவு ஒழுங்கான விண்ணப்பம் கொடுக்கிறது தமிழ்க் கோயில் மட்டும்தானாம். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்பேர்ப்பட்ட மனிசன், நான் வந்தவுடன் உறையையும் வரைபடத்தையும் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். வெள்ளைக்காரனுக்குத்தானே கடதாசி! தங்கட பிள்ளைக்கு வடை காணும்.

நான் கோபப்படுவதற்கு முதல், கையெழுத்தைப் போட்டுவிடலாம் என்று பேனாவைத்தான் எடுத்தேன். அதை மறைக்கமாட்டேன். எனக்கும் அம்மன் அம்மன்தான். தேருக்கு நான் சின்ன வயசில் இருந்தே விரதம். மார்க்கூசுக்கு ரெலிபோன் எடுத்தேன். பஸ் கொம்பனிக்கு எடுத்தேன். பாதையை மாற்றக் குறைந்தது நான்கு கிழமை வேண்டும் என்றார்கள். தீயணைப்பு வாகனம் தொழிற்பேட்டைக்குள் வர வேறு வழி இல்லை, மாற்று ஒழுங்கு செய்ய நேரம் காணாது என்று அவர்களும் மறுத்தார்கள். விதியை விட்டாலும் வழியில்லை.

"அண்ணை, றோட்டு இந்த வருசம் ஏலாது. முற்றம் கோயிலின்ர சொந்த நிலம். அதுக்குள்ள சுத்தலாம். அதுக்கு ஒரு கடதாசியும் தேவையில்லை. தீயணைப்புப் பாதை, அந்த மஞ்சள் கோடு, அதை மட்டும் விட்டுவிடுங்கோ."

"முற்றத்துக்குள்ளயோ? கார் விடுற இடத்துக்குள்ள அம்மனைச் சுத்தச் சொல்லுறீரோ?"

"ஓம் அண்ணை."

"ஒரு கையெழுத்துப் பிள்ளை. ஒரு சின்னக் கையெழுத்து."

"சின்னனோ பெரிசோ, ஏலாது."

அவர் எழும்பினார். வடைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டார். கதவடியில் நின்று சொன்னார்: "வெள்ளைக்காரன் இருக்கேக்க அம்மன் ஒவ்வொரு வருசமும் வெளியில வந்தவ. எங்கட பிள்ளை வந்தவுடன மறிச்சுப்போட்டுது. அந்தப் பாவம் உமக்குத்தான்." அந்தச் சொல் எனக்குச் சுட்டது.

றேத்தோவின் பெருந்தன்மை

வெள்ளிக்கிழமைகளில் நான் பொதி நிலையத்தில் வேலை. சபை வேலை பகுதி நேரம், சோற்றுக்கு வேறு வழி வேண்டும். அன்றைக்குப் பட்டிச் சத்தத்துக்குள் ரெலிபோன் நடுங்கியது. மார்க்கூஸ்.

"என்ர மேசையில ஒரு கடதாசி இருக்கு," என்றார். "அடுத்த கிழமை ஞாயிறு தேருக்கு றோட்டை மறிக்க அனுமதி. உனக்குப் பதிலாக றேத்தோ கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான் ஆர் சொல்லுறதைச் செய்யவேணும்?"

அந்த மனிசன் கேலியாகக் கேட்கவில்லை. இருபது வருசம் பொலிசில் இருந்தவர். உண்மையாகவே தெரியவேண்டும் என்றுதான் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாவிட்டால் நான் அந்த ஆடுகிற கதிரையில் இருந்தும் பிரயோசனமில்லை.

"நான் சொல்லுறதை," என்றேன். "கடதாசியை அங்கேயே வை. ஒரு மணித்தியாலத்தில வாறன்."

தர்மலிங்கம் அண்ணை நேராக றேத்தோவிடம் போயிருக்கிறார். போனது மட்டுமில்லை, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, படமும் எடுத்துக் கோயில் குரூப்பில் போட்டுவிட்டார். கீழே ஒரு வசனம்: "தமிழர் பண்பாட்டை மதிக்கும் பெருந்தகை." பச்சைக் கரைப் பொன்னாடையில் றேத்தோ நல்ல வடிவாகத்தான் இருந்தார். நான் வென்றபோது எனக்கு ஒரு பூக்கூட வரவில்லை.

றேத்தோவை கெமைண்டப் படிக்கட்டில் பிடித்தேன். முகத்தில் குற்ற உணர்ச்சியே இல்லை.

"உனக்கு உதவி செய்யத்தான்," என்றார். "உன்ர ஆட்கள், உன்னால மறுக்கக் கஷ்டம், போட்டாலும் கஷ்டம். நான் போட்டால் ஒருவருக்கும் பிரச்சினையில்லை. அந்தத் திருவிழா எவ்வளவு வண்ணமயமாக இருக்கும்!"

"நான் காய்ச்சலில கிடந்தனானோ?"

"இல்லை."

"செத்துப்போனனானோ?"

"மனோகரி, சும்மா..."

"இந்த இரண்டில ஒன்று நடந்தால்தான் நீ எனக்குப் பதிலாகப் போடலாம். வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போறது சாவு இல்லை. பஸ் கொம்பனியைக் கேட்டனியோ? தீயணைப்பைக் கேட்டனியோ?"

அவர் கேட்கவில்லை. பெருந்தகைகள் அப்படிச் சின்ன விசயங்களைக் கேட்பதில்லை.

"இப்பவே போய் அந்தக் கையெழுத்தை எடு. இல்லாட்டில் திங்கள் கூட்டத்தில நான் அந்தத் தடித்த தாளை வாசிக்கவேண்டி வரும்."

அவர் எடுத்தார். நான் கழிவறைக்குள் போய் முகம் கழுவினேன். மறித்தால் ஏன் என்று சொல்லவேண்டும் என்ற அந்த ஒரு பந்திக் கட்டளையை நினைத்தேன். இந்தத் தேருக்கு நான் ஒரு சலுகை கொடுத்திருந்தால் வருச முடிவில் அதை எடுத்தெறியச் சபையில் அந்த நான்கு பேருக்கும் ஒரு நிமிசம் காணும். இனி ஸ்டேசனில் நிற்கிற ஆருக்கும் ஏன் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

வீட்டுக்குள் வந்த சண்டை

இதையெல்லாம் வீட்டில் சொல்லி ஆறுதல் தேடலாம் என்றால், அங்கே நேசன்.

நேசன் எங்கட கோயில் தேருக்குக் கட்டை வைக்கிறவர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், தேருக்குச் சுக்கான் இல்லை. திரும்பவேண்டிய இடத்தில் சில்லுக்குக் கீழே மரக்கட்டையைச் செருகி, அது சறுக்கித் திரும்பும்வரை குனிந்தபடி ஓடவேண்டும். கை போகலாம், கால் போகலாம். நேசனுக்கு வயசு அறுபதைத் தொடப்போகிறது. முழங்கால் ஒன்று ஏற்கனவே மக்கர். பெரிய றோட்டில் வளைவுகள் அகலம், அவருக்குச் சுகம். முற்றத்துக்குள் என்றால் நான்கு மூலையும் ஒடுக்கம்.

"உமக்கு விளங்குதோ, நீர் என்ன செய்திருக்கிறீர் எண்டு?" சோற்றைப் பிசைந்தபடி கேட்டார். "அந்த ரயர் கடை மூலையில தேர் திரும்பாது."

"அவை விண்ணப்பம் குடுத்திருக்கவேணும்."

"அதைச் சொல்லேல்லை. என்ர முழங்காலைச் சொல்லுறன். கோயிலுக்குப் போனால் ஒருத்தரும் என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறாங்கள் இல்லை. நேற்று ஒருத்தன் கேட்கிறான், வீட்டில ஆர் வேட்டி கட்டுறது எண்டு."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"என்னத்தைச் சொல்ல?"

ஸ்டேசன் வாங்கை நான் ஞாபகப்படுத்தினேன். படுத்தியிருக்கக்கூடாது. "உதை ஏன் இப்ப இழுக்கிறீர்?" என்று எழும்பிப் போனார். கோப்பை கழுவாமல் கிடந்தது. அதற்குப் பிறகு நான்கு நாள் வீட்டில் "தேத்தண்ணி", "திறப்பு", "ஓம்" இந்த மூன்று சொல்லும்தான். முப்பது வருசமாகச் சேர்ந்து இருக்கிற மனிசன் என்னைப் பார்க்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். ஒரு கையெழுத்துத்தானே, போட்டிருக்கலாமோ என்று அந்த நான்கு நாளும் ஒரு நூறு தரம் நினைத்தேன்.

குரூப்பில் குரல் பதிவுகள் வந்தவண்ணம் இருந்தன. பாசல் நகரில் இருந்து ஒரு அண்ணை, வில் என்ற ஊரில் இருந்து ஒரு அக்கா. எங்கட கோயில் எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஆட்கள் எல்லாம் என்னைப் பற்றிக் கதைத்தார்கள். பெண்ணுக்குப் பதவி வந்தால் இப்படித்தான் என்று ஒருவர் பன்னிரண்டு நிமிசம் விளக்கினார். நான் முழுவதையும் கேட்டேன். மனிசன் மூச்சு விடவேயில்லை.

ரயர் கடை மூலை

ஞாயிறு காலமை நான் சீலை கட்டிக்கொண்டு போனேன். போகாமல் விடலாம் என்றுதான் தோன்றியது. போகாவிட்டால் பயந்துபோனேன் என்றாகிவிடும்.

முற்றத்தில் சனம் நெருக்கியடித்தது. கற்பூரப் புகை, ரயர் மணம், தார் சூடு. மஞ்சள் கோட்டின்மேல் ஒரு கார்கூட இல்லை. மார்க்கூஸ் வாசலில் கைகட்டி நின்றார், நெற்றியில் ஆரோ பூசிவிட்ட திருநீற்றோடு. தர்மலிங்கம் அண்ணை என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேங்காய்கள் சிதறின. அரோகரா என்ற சத்தத்தோடு தேர் இழுபட்டது. ஆண்கள் ஒரு வடம், பெண்கள் ஒரு வடம். நான் பெண்கள் வடத்தின் வாலில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவள் கொஞ்சம் தள்ளி நின்றாள். முதல் மூலை எப்படியோ திரும்பியது. இரண்டாவதில் நேசன் மூன்று தரம் கட்டை மாற்றினார். மூன்றாவது, ரயர் கடை மூலையில், தேர் நின்றுவிட்டது.

வேலியில் முட்ட இரண்டடிதான் இருந்தது. நேசன் சில்லுக்குக் கீழே கிடந்தார். வேட்டி முழுக்கத் தார். ஒரு தரம் இழுத்தார்கள், கட்டை வழுக்கியது. இன்னொரு தரம், அதே கதை. ஆம்பிளைகள் வடத்தைக் கீழே போட்டுவிட்டு மூச்சு வாங்கினார்கள். எனக்கு நேசனின் முழங்காலைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை.

அப்போது தர்மலிங்கம் அண்ணை பக்கத்தில் நின்ற ஆருக்கோ சொன்னார். கையில் மைக் திறந்திருந்ததை மறந்தாரோ, மறக்கவில்லையோ, எனக்குத் தெரியாது. முற்றம் முழுக்கக் கேட்டது.

"இதெல்லாம் நேசன்ர மனிசியால வந்த வினை. அம்மனை மறிச்சுப்போட்டாள்."

மேளம் நின்றது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எனக்கு அந்த இடத்திலேயே அழவேண்டும் போல இருந்தது.

நேசன் சில்லுக்குக் கீழே இருந்து மெதுவாக எழும்பினார். ஒரு காலை இழுத்து இழுத்து வந்து தேருக்கு முன்னால் நின்றார். அவருக்கு மைக் தேவைப்படவில்லை.

"ஓம் அண்ணை, என்ர மனிசிதான் மறிச்சவ," என்றார். "பேப்பர் குடுக்காதது நீங்கள். அவ தன்ர வேலையைச் செய்தவ. இந்த மூலையைத் திருப்புறது என்ர வேலை, அதை நான் செய்யிறன். கதைக்கிறதை விட்டுப்போட்டு வடத்தைப் பிடியுங்கோ."

முப்பது வருசத்தில் அந்த மனிசன் நாலு பேருக்கு முன்னால் என்னைப்பற்றிச் சொன்ன முதல் வசனம் அது. கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

அவர் திரும்பவும் குனிந்து கட்டையைச் செருகினார். ஆம்பிளைகளின் வடம் இன்னும் தரையில் கிடந்தது, ஆர் முதலில் எடுப்பது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு முன்னால் தள்ளி நின்றவள் பின்னுக்கு வந்து, எங்கட வடத்தில் எனக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பிடித்தாள்.

பெண்கள் நாங்கள் இழுக்கத் தொடங்கினோம். தேர் அசைந்தது.